ஐந்து எம்பிக்குள் ஒரு பாட்டு

காதுக்காரர் பிழைப்பு நடத்துவது என்னவோ கண்களால்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான ஒரு ஃபிரேமை மாட்டி, அதில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வார். "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறார் என்று அவருக்கே தெரியாது. தூக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறார். "ரெண்டும் ஒண்ணுதான், பேசாம படுங்க" என்று டீச்சர் பதில் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் என்றால் அவருடைய மனைவி. பாலர் பள்ளியில் வேலை. பகலெல்லாம் ஒரு வகுப்பு நிறையப் பொடிசுகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, சத்தம் என்றாலே அது குறைந்தால் தேவலை என்ற ஒரே அபிப்பிராயம்தான். கணவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் அவர்தான். "கண்ணால சம்பாதிச்சு காதால அழிக்கிற ஆளு உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்" என்று யாரிடமோ சொல்லப்போக, அது தெரு முழுவதும் பரவி, கடைக்கு வருகிறவர்களே "காதுக்காரர் இருக்காரா, கண்ணு காட்டணும்" என்று கேட்கும் அளவுக்கு நிலைத்துவிட்டது.

கடையில் அவருக்கு ஒரு தந்திரம் உண்டு. சிலர் எந்த லென்ஸைப் போட்டாலும் "ஆங், இது இன்னும் நல்லாருக்கு சார்" என்பார்கள். புதிதாகப் போட்டது பழையதைவிட நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு முன்பே மனதுக்குள் தீர்மானம் ஆகிவிடும். அப்படிப்பட்டவர் யாராவது வந்து மாட்டினால், காதுக்காரர் லென்ஸைக் கழற்றி, துணியால் நிதானமாகத் துடைத்து, அதே லென்ஸைத் திரும்பவும் போட்டு, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் "இது தெளிவா, அது தெளிவா?" என்பார். உள்ளதைச் சொல்கிறவர் "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்பார். மற்றவர், "ரெண்டாவதுதான் சார், சும்மா பளிச்சுனு இருக்கு" என்பார். இரண்டும் ஒரே கண்ணாடிதான் என்று சொன்னதும் அசடு வழிந்துகொண்டே, எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே சமாதானத்தைச் சொல்வார்கள்: "இல்ல சார், நடுவுல லைட்டு கொஞ்சம் மாறிச்சு."

காதுக்காரர் இதை வீட்டில் வந்து நடித்துக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். கூடச் சிரிக்கிறவள் பாப்பா. பதினெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். விடுமுறை நாட்களில் கடையில் லென்ஸ் துடைத்துக் கொடுத்தவள் ஆகையால், அந்தத் தந்திரம் அவளுக்கு அத்துப்படி.

வீட்டின் பின்னறை காதுக்காரருடையது. ஜன்னலுக்குக் கம்பளி மாதிரி கனமான திரை, சுவரெல்லாம் ஸ்பாஞ்ச், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி ஏன் இல்லை என்றால், அந்த அறையில் சரியான சத்தம் சரியான ஓர் இடத்தில்தான் கேட்கும் என்பார். தலையை ஒரு சாண் தள்ளினால் எல்லாம் கலைந்துபோகுமாம். உறவினர்கள் வந்தால் சலூனில் உட்கார வைப்பதுபோல ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கச் செய்வார். டீச்சருடைய தம்பி ஒருமுறை உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாமா, கொஞ்சம் சத்தமா வைங்க" என்றான். அன்றிலிருந்து அவனுக்கு அந்த அறையில் அனுமதி இல்லை.

பாட்டை நசுக்கிச் சின்ன ஃபைலாக்கும் எம்பி3 என்ற பெயரை எடுத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒருத்தன் உசிரக் குடுத்துப் பாடியிருக்கான். இவனுங்க அதுல பத்துல ஒம்பது பங்கத் தூக்கிக் கடாசிட்டு, உனக்கு எங்க தெரியப்போகுதுன்னு மிச்சத்த நீட்டுறானுங்க. தெரியுதே! எனக்குத் தெரியுதே!" என்று மார்பில் கை வைத்துச் சொல்வார். ஒன்றும் குறைக்காத, ஒன்றும் நசுக்காத பெரிய ஃபைல்களைத்தான் கேட்பார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவருக்கு உலகம் இல்லை. உலகத்துக்கு அவர் இருக்கிறார் என்பது வேறு சங்கதி. அதைப் பிறகு பார்ப்போம்.

பாப்பாவுக்கு இசைக் கல்லூரியில் சேர ஆசை. சின்ன ஆசை இல்லை. வேறு எந்தப் படிப்பின் பெயரையும் காதில் போட்டுக்கொள்ளாத ஆசை. ஒரு பாட்டைப் பதிவு செய்து கல்லூரியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதைக் கேட்டுப் பிடித்தால் நேரில் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால், கண் பரிசோதனைப் படிப்பும், அப்புறம் ஆயுள் முழுக்க "இது தெளிவா, அது தெளிவா"வும் அவளுக்காகக் காத்திருந்தன. அவள் பாட வேண்டும் என்பதில் அப்பாவுக்கு அவளைவிட ஆசை. வில்லங்கமே அங்கேதான் ஆரம்பித்தது.

"பதிவு பண்றதெல்லாம் என் பொறுப்பு" என்றார் காதுக்காரர். "நீ வாயைத் திறந்தா போதும்."

வாயைத் திறப்பதற்கு முன் வீடு என்ன பாடு பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். உயர்ந்த ரக மைக் ஒன்று வந்து இறங்கியது. அதற்கு முன்னால் டீச்சரின் காலுறை ஒன்று கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டப்பட்டது. 'ப' என்று பாடும்போது காற்று மைக்கில் மோதக் கூடாதாம். சுவர்க் கடிகாரம் போர்வையில் சுருட்டப்பட்டு அலமாரிக்குள் படுத்தது. மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜும் நின்றது.

"அது உள்ளுக்குள்ள ஒரு முனகல் போடுது" என்றார். "உங்களுக்கெல்லாம் கேக்காது. மைக்குக்குக் கேக்கும், எனக்குக் கேக்கும்."

பால் திரிந்துபோனது. டீச்சர் பால் இல்லாத தேநீரைக் குடித்துக்கொண்டே கணவரை ஒரு பார்வை பார்த்தார். பாலர் பள்ளியில் களிமண்ணை வாயில் போட்டுக்கொண்டவனைப் பார்க்கும் பார்வை அது.

காதுக்காரர் மாடி வீட்டுக்காரரிடம் போய், பதிவு நடக்கும்போது நடக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். சரி என்று உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம் கழித்து அவரே படியிறங்கி வந்து, "சார், அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் ஓடும்?" என்றார்.

"அஞ்சு நிமிஷம் சார்."

"அஞ்சு நிமிஷப் பாட்டுக்கு ஒரு வாரமா உக்காந்திருக்கேன். காலு மரத்துப்போச்சு."

ஒரு வாரம் ஆனதற்குக் காரணம் மாடி வீட்டுக்காரர் இல்லை. காற்றில்லாத அந்த அறையில், காலுறைக்கு எதிரே பாப்பா வேர்க்க விறுவிறுக்க நிற்பாள். காதுக்காரர் ஹெட்போனோடு மேசையில் உட்கார்ந்து, திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோடுகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் இரண்டு வரி பாடுவதற்குள் விரல் உயரும்.

"ஸ்டாப். 'ஸ' எழுத்து காதக் குத்துது."

மறுபடி பாடுவாள். விரல் உயரும்.

"மூச்சு கேக்குது."

"மூச்சு விடாம எப்படிப்பா பாடுறது?"

"விடு. கேக்காம விடு."

கடைசியில் ஒரு பதிவு கிடைத்தது. குத்தல் இல்லை, இரைச்சல் இல்லை, மூச்சுகூட இல்லை. அவ்வளவு சுத்தம். ஆனால் பாப்பா பாடியதைக் கேட்டால் யாரோ போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதுபோல இருந்தது. ஒரு வார்த்தை தவறாமல், ஒரு வார்த்தை கூடாமல், எப்போது முடியும் என்ற பயத்தோடு. காதுக்காரருக்கும் மனதுக்குள் என்னவோ உறுத்தியது. திரும்பத் திரும்பக் கேட்டார். ஹெட்போனில் கேட்டார், ஸ்பீக்கரில் கேட்டார். பிறகு கண்டுபிடித்துவிட்டார். கேபிள் சரியில்லை. புதுக் கேபிள் வாங்கி வந்து மாட்டிக் கேட்டுவிட்டு, "இப்ப பாரு, பாட்டுல உசிரு வந்துருச்சு" என்றார். பாப்பா முகம் கழுவப் போனாள்.

பாட்டு ஏற்ற வேண்டிய கடைசி நாள் வந்தது. மாலை ஆறு மணிக்குத் தளம் மூடிவிடும். காதுக்காரர் மத்தியானமே கடையை அடைத்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரின் முன்னால் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபைலைத் தேர்ந்தெடுத்தார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. எம்பி3 ஃபைல் மட்டும், அளவு ஐந்து எம்பிக்கு மிகாமல்.

அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவருடைய ஃபைல் நூற்று எழுபது எம்பி.

உடனே கல்லூரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். ஒரு பெண்மணி எடுத்தார்.

"நூத்தி எழுபதா? சார், அது பாட்டா, சினிமாவா?"

"மேடம், இது உயர்ந்த தரம். நீங்க கேட்கிற மாதிரி நசுக்கினா குரலோட நுணுக்கமெல்லாம் போயிடும். தேர்வு பண்றவங்களுக்கு என்ன கேக்கும்?"

"அவங்க எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் சார் கேப்பாங்க. அதுல ரெண்டு ஸ்பீக்கர். ஒண்ணு வேலை செய்யாது."

காதுக்காரர் நெருங்கிய உறவில் துக்கச் செய்தி கேட்டவர்போல ஃபோனை வைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் டீச்சர்.

"ஃபைல பென் டிரைவ்ல போட்டு நேர்ல குடுத்துட்டு வரேன். நல்ல ஹெட்போனையும் கையோட எடுத்துட்டுப் போறேன். போட்டுக் கேட்டுட்டுப் பேசட்டும்."

"அந்த ஊருக்குப் போய்ச் சேரவே நாளைக்கு ஆயிடும். இன்னிக்கு ஆறு மணிக்கு மூடிடுவான்."

"மூடட்டும். என் பொண்ணு குரல அஞ்சு எம்பிக்குள்ள அடைச்சு அனுப்ப மாட்டேன். தலைகீழா நின்னாலும் மாட்டேன்."

பாப்பா கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அப்பா அவளுக்காகத்தான் இத்தனையும் செய்கிறார் என்பது தெரியும். அதனாலேயே ஒரு வாரமாக எதிர்த்து வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த அன்புதான் தன்னைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய்த் தள்ளிக் கதவைச் சாத்தப்போகிறது என்று புரிந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையில் இருந்த ஃபோனை அவளிடம் நீட்டினார். இரண்டு பேருக்குள் ஏற்கெனவே பேச்சு நடந்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அப்பா, போறதுக்கு முன்னாடி அந்த நாற்காலியில ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள் பாப்பா. "நீங்க கடையில பண்றதுதான். மூணு ஃபைல் போடுவேன். எது தெளிவா இருக்கோ சொல்லுங்க. எம்பி3 எதுன்னு நீங்க கரெக்டா கண்டுபிடிச்சுட்டா நானே உங்கள பஸ் ஏத்தி விடுறேன்."

இப்படி ஒரு சவாலைக் காதுக்காரர் எப்படித் தட்டுவார்? "ஒண்ணு ரெண்டு வினாடி போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்க்க உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாவது ஒலித்தது. அவருடைய பதிவுதான். தலையை மெல்ல ஆட்டினார். "ம். அடுத்தது."

இரண்டாவதும் அதே பதிவு. நாலு வரிக்குள் முகம் சுளித்தார். "போதும், நிறுத்து. இது எம்பி3. எவ்வளவு அப்பட்டமா தெரியுது பாரு. முதல் ஃபைல்ல குரலைச் சுத்திக் காத்து இருந்துச்சு. இதுல காத்தே இல்ல. அந்த மேல் ஸ்தாயில ஒரு கண்ணாடித் தூள் மாதிரி நெருடுது. பாவம், குரலைக் கழுத்தப் புடிச்சு நெரிச்சு வெச்சிருக்கான்."

"சரிப்பா. மூணாவது."

மூன்றாவது ஒலித்தது. நாலு வரி போயிற்று. எட்டு வரி போயிற்று. உயர்ந்து தயாராக இருந்த காதுக்காரரின் விரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மடியில் விழுந்தது. பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் குரல் சின்னதாகச் சிரித்துவிட்டு, சிரிப்போடேயே அடுத்த வரியைப் பிடித்து மேலே ஏறியது. அந்த இடத்தில் அவருடைய தோள்கள் குலுங்கின. பாட்டு முடிந்தபோது ஹெட்போனைக் கழற்றாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான்" என்றார். குரல் கரகரத்தது. "இதுதான் நான் சொல்ற தரம். பாப்பா பக்கத்துல நின்னு பாடுறா. கைய நீட்டினா தொடலாம். இதைப் போயி நசுக்கச் சொல்றானே, அவனுக்கு மனசாட்சி இருக்கா?"

"ஃபிரிட்ஜ் சத்தம் கேக்கலையாப்பா?"

"எந்த ஃபிரிட்ஜ்?"

டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். காதுக்காரர் திரும்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா, ஒண்ணும் ரெண்டும் ஒரே ஃபைல்" என்றாள் பாப்பா. "ரெண்டுமே நான் மாத்தி வெச்ச எம்பி3. அஞ்சு எம்பிக்குள்ளதான் இருக்கு. கழட்டித் துடைச்சுட்டு அதையே திரும்பப் போட்டேன்."

காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். பிறகு, "இல்ல, நடுவுல கரண்டு கொஞ்சம் மாறியிருக்கும்..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வருவது என்ன என்பது அவர் காதில் விழுந்தது. அப்படியே நிறுத்திக்கொண்டார். கடை நாற்காலியில் உட்கார்ந்து அசடு வழிந்த அத்தனை முகங்களும் வரிசையாக வந்து போயின.

"மூணாவது?" என்றார் மெதுவாக.

"அம்மா ஃபோன். போன வாரம் சமையக்கட்டுல நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாடினேன். அம்மா சக்கர டப்பாமேல சாய்ச்சு வெச்சு எடுத்தாங்க."

அந்த ஃபோன் பாலர் பள்ளி மணல் குழிக்குள் இரண்டு தடவை விழுந்து எழுந்தது. திரையில் விரிசல். அதை அவர் ஒரு காலத்திலும் ஒலிக் கருவி என்று மதித்ததில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

இந்த முறை நீதிபதியாக உட்கார்ந்து கேட்டார். ஃபிரிட்ஜ் கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. கத்தி பலகையில் படுவது, நாற்காலி இழுபடுவது எல்லாம் கேட்டன. எல்லாவற்றுக்கும் அடியில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, விடாமல் ஒரே மாதிரி இன்னொன்றும் கேட்டது.

"என்ன இது, பின்னாடி ஒரு ஹம்? எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபையர் மாதிரி?"

"அது நீங்கதான்ப்பா."

"நானா?"

"நீங்க இங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கேக்கும்போதெல்லாம் முனகுவீங்க. தெரு முனை வரைக்கும் கேக்கும்."

"எந்தப் பாட்டா இருந்தாலும் அதே ஒரே ஸ்வரம்" என்றார் டீச்சர். "சோகப் பாட்டு, டப்பாங்குத்து, எதுவா இருந்தாலும் ம்ம்ம்ம்தான்."

உலகத்தில் உள்ள ஒலிகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்த மனிதர், ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியிற ஒரே அடையாளம் அதுதான்" என்றார் டீச்சர். "சொன்னா நிறுத்திடுவீங்க."

பாப்பா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அந்த ஸ்வரத்தப் புடிச்சுக்கிட்டுதான்ப்பா நான் பாடுவேன். சின்ன வயசுலேர்ந்து. அது ஓடிக்கிட்டு இருந்தா எனக்குப் பயமே வராது."

"அப்புறம் என் எதிர்ல நின்னு பாடும்போது ஏன் இப்படி வரல?"

பதில் சொன்னால் அப்பாவுக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க கேக்கும்போது நான் பாடலப்பா, பரீட்சை எழுதுறேன். நீங்க கேக்கலன்னு தெரிஞ்சாத்தான் எனக்குப் பாட்டே வருது."

காதுக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. மகளின் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுவிட வேண்டும் என்று காலுறையும் கையுமாக அலைந்தவர் அவர். அந்தக் காதைக் கண்டுதான் அவள் மிரண்டிருக்கிறாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கொஞ்ச நேரம் ஆம்ப்ளிஃபையரின் மேல் இருந்த தூசியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரிடம் நகர்ந்தார்.

"அந்தச் சமையக்கட்டு ஃபைலக் குடு."

அதை எம்பி3 ஆக மாற்றினார். தன் கையாலேயே மாற்றினார். நாலு புள்ளி எட்டு எம்பி. ஏற்றும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தவர், தயங்கித் திரும்பினார்.

"அந்த முனகல மட்டும் எடுத்துடட்டுமா? ரெண்டே நிமிஷ வேலை."

"வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். மாடி வீட்டுக்காரர் பயந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகப் பின்னால் தெரிந்தது.

அழுத்தினார். ஃபைல் போய்ச் சேர்ந்தது.

டீச்சர் சொன்னதுபோலவே ஆயிற்று. அன்றோடு வீட்டில் முனகல் நின்றுபோனது. ஹெட்போனை மாட்டியதும் காதுக்காரருக்குத் தன் தொண்டையின்மேல் கவனம் போய்விடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பல் டாக்டருக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருப்பார். சமையலறையில் பாப்பா பாட ஆரம்பித்து, இரண்டு வரியில் நிறுத்திவிடுவாள். "என்னமோ புடிமானமே இல்லம்மா" என்பாள். அது காதில் விழுந்ததும் அவர் மகளுக்காக வேண்டுமென்றே முனகிப் பார்த்தார். அது நாலு விதமாக வளைந்து, யாருக்கோ வயிற்றுவலி என்பதுபோலக் கேட்டது. "தயவு செஞ்சு நிறுத்துங்க" என்றார் டீச்சர்.

சில வாரங்கள் கழித்துக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. பாப்பா நேர்முகத் தேர்வுக்குத் தேர்வாகியிருந்தாள். அவள் கத்திய கத்தலில் மாடியில் மறுபடி ஒரு நாற்காலி இழுபட்டது. கடிதத்தின் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. காதுக்காரர் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்.

"பாடலின் பின்னணியில் ஒலிக்கும் சுருதிக் கருவியின் தரம் குறைவாக உள்ளது. நேர்முகத் தேர்வுக்கு வரும்போது நல்ல கருவி ஒன்றைக் கொண்டுவரவும்."

"தரம் குறைவாமே" என்றார் தாங்க முடியாமல். "ஒரு ஸ்பீக்கர் ஓடாத கம்ப்யூட்டர்ல கேட்டுட்டு என் தரத்தப் பத்திப் பேசுறாங்க!"

"பழசாயிடுச்சு, வேற வாங்கிடலாமா?" என்றார் டீச்சர், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

சிறியதாக ஒரு சுருதிப் பெட்டி வாங்கினார்கள். அது குற்றம் குறையில்லாமல் ஒலித்தது. பாப்பா அதோடு பாடிப் பழகினாள். நன்றாகவும் பாடினாள். ஆனாலும் சமையலறைப் பாட்டின் அந்தச் சிரிப்பு வரவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்; யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தேர்வு நாளன்று கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்தில் பெஞ்சுகள் முழுவதும் பிள்ளைகளும் பெற்றோர்களுமாக இருந்தார்கள். பாப்பாவின் முறை வந்தது. சுருதிப் பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போய் ஒருமுறை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று காதுக்காரருக்குப் புரிந்தது. நீங்கள் கேட்கப்போகிறீர்களே என்ற பயம்தான் அது.

அவர் பையைத் திறந்து ஹெட்போனை எடுத்தார். அவள் பார்க்கும்படி இரண்டு காதிலும் அழுத்தி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, நான் இங்கே இல்லை, நீ போய்ப் பாடு என்பதுபோலக் கையை அசைத்தார். பாப்பாவின் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு வந்தது. உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

ஹெட்போனின் வயர் அவருடைய சட்டைப் பைக்குள் போய் முடிந்தது. அங்கே ஒன்றும் இல்லை. பேனாவும் பஸ் டிக்கெட்டும்தான்.

கனத்த கதவைத் தாண்டி, காதை அடைத்திருந்த மெத்தையையும் தாண்டி, பாப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. மேல் ஸ்தாயியைக் காணோம். கீழ் ஸ்தாயியைக் காணோம். வார்த்தை பாதி புரியவில்லை. அவர் வாழ்நாளில் இவ்வளவு மட்டமான சத்தத்தைக் கேட்டதில்லை. அதில் எது சரி, எது சரியில்லை என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. மகள் பாடுகிறாள் என்பது கேட்டது. அது போதுமாக இருந்தது. நெஞ்சு நிறைந்துபோய், உடம்பெல்லாம் லேசாகிவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தார். பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணின் அப்பா, கொஞ்சம் சங்கடத்தோடு குனிந்துகொண்டிருந்தார். காதுக்காரர் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நீங்க முனகுறது தெரியுதா? ரொம்ப சத்தமா இருக்கு. உள்ள கேக்கும்."

கதவுக்கு அந்தப் பக்கம், பாட்டின் நடுவில், குரல் சின்னதாகச் சிரித்துவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"கேக்கட்டும் சார்" என்றார் காதுக்காரர். ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு, விட்ட ஸ்வரத்தைப் பிடித்தார்.